பேண்ட் போடுற வயசா இது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் லோயர் கேம்ப் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டைப் பார்த்துக்கிட்டு, ஓய்ந்த நேரத்தில் தையல் மிஷின் மிதிக்கிறேன். அந்த மிஷினும் குழுக் கடனில் வாங்கினதுதான். இந்த விழாவில் பேசணும்னு சொன்னப்ப, "எதைப்பத்திப் பேசுறே?"னு கேட்டாங்க. "பலாசோ பேண்ட் பத்தி"னு சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க, இப்ப நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க. பேசி முடிச்ச பிறகு யார் யார் அளவு கொடுக்க வர்றீங்கன்னு நானும் பார்க்கிறேன்.

இது வயசுப் பிள்ளைகளுக்கான பேச்சு இல்லை. அவங்களுக்கு நாம சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒண்ணும் இல்லை. நாப்பது, ஐம்பது, அறுபது வயசாகி, வயிறும் இடுப்பும் போட்டு, முட்டி வலியோட பஸ் படி ஏறுற நமக்காகத்தான் பேசுறேன்.

முதல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லிடுறேன். என் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, இருபது வருசத்துக்கு மேல ஏலத் தோட்டத்துக்குப் போறாங்க. இந்தக் கூட்டத்துல பாதிப் பேருக்கு அது தெரிஞ்ச சோலிதான். வெள்ளனே எந்திரிச்சு, சோத்தைத் தூக்குவாளியில போட்டுக்கிட்டு, ஜீப்புல குமுளி மலை ஏறி, கேரளாவுல வேலை பார்த்துட்டு, பொழுது சாய இறங்கி வரணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆடி மாசம், ஜீப்பு பின்பக்கத்துல இருந்து இறங்கும்போது சேலைக் கொசுவம் ஒரு கொக்கியில மாட்டிக்கிச்சு. கால் ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம். கீழே விழுந்து இடது கை மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ரெண்டு மாசத்துக்கு மேல கூலி இல்லை. அந்த ரெண்டு மாசமும் எங்க குழுவுல தவணைக்கு என்ன செய்யப்போறோம்னு நான் முழிச்சது எங்க குழு அக்காமாருக்குத் தெரியும். அவங்கதான் தாங்கிப் பிடிச்சாங்க.

கையில கட்டு இருந்ததால நான்தான் அத்தையைக் குளிப்பாட்டினேன். அப்பத்தான் அவங்க இடுப்பைப் பார்த்தேன். பாவாடை நாடா கட்டுற இடத்துல சுத்திலும் கறுப்பா, கயிறு மாதிரி தடிச்சுப்போய் ஒரு தழும்பு. வலது பக்கம் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகியிருந்துச்சு. "என்ன அத்தை இது?"ன்னா, "எல்லாருக்கும் இருக்கறதுதானேத்தா"ன்னு சொன்னாங்க. நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்க. எனக்கும் அந்தக் கறுப்பு லேசா ஆரம்பிச்சிருந்துச்சு.

ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் மருந்து கொடுத்துட்டு, நாடாவை இறுக்காதீங்க, கட்டுற இடத்தை மாத்தி மாத்திக் கட்டுங்க, புண் ஆறலைன்னா சும்மா விடாதீங்கன்னு சொன்னாரு. அவரு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 2024-ல மகாராஷ்டிராவிலயும் பீகாரிலயும் இருக்கிற டாக்டர்கள், ரெண்டு பெண்களைப் பத்தி ஒரு மருத்துவ இதழ்ல எழுதினாங்க. பேப்பர்லயும் செய்தி வந்துச்சு. ஒருத்தருக்கு 70 வயசு, இன்னொருத்தருக்கு அறுபதைத் தாண்டின வயசு. பல வருசமா பாவாடை நாடாவையும் சேலையையும் இடுப்புல இறுக்கிக் கட்டினவங்க. அந்த இடத்துல வந்த புண் ஆறாமலே கிடந்து புற்றாயிடுச்சு. இது எப்போவாவது ஒருத்தருக்கு வர்றதுதான். பயந்துக்க வேண்டாம். ஆனா மாசக்கணக்குல ஆறாத புண்ணை, பாவாடை மறைக்குதுன்னு நாமளும் மறைக்கக் கூடாது.

கை சரியாகி மறுபடி வேலைக்குப் போகும்போது, "அத்தை, பேண்ட் போட்டுட்டுப் போங்க"ன்னு சொன்னேன். "ஏத்தா, பேண்ட் போடுற வயசா இது? ஊரு சிரிக்கும்"னு சொல்லிட்டாங்க.

நான் கேட்டேன்: "மாமாவோட முழுக்கைச் சட்டையை இருபது வருசமா சேலைக்கு மேல மாட்டிக்கிட்டுத்தானே போறீங்க. ஊரு சிரிச்சுச்சா?"

அவங்களுக்குப் பதில் வரலை. அதுதானே உண்மை? களை எடுக்கப் போனாலும், நூறு நாள் வேலைக்குப் போனாலும், திராட்சைத் தோட்டத்துக்குப் போனாலும், ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் போறோம். யாரும் ஒரு வார்த்தை சொல்றது இல்லை. வயல்ல இறங்குறப்ப சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கிறோம். நம்ம பாட்டிமாருல பலபேர் கொசுவத்தைக் காலுக்கு நடுவுல கொடுத்துப் பின்னாடி செருகித்தான் வேலை செஞ்சாங்க. மடிசார் கட்டும் ரெண்டு காலையும் தனித்தனியாப் பிரிக்கிற கட்டுதான். வேலைன்னு வந்துட்டா சேலையையே பேண்டு மாதிரி ஆக்கிக்கிட்டவங்க நாம. அதனால இது நம்மளுக்குப் புதுசு இல்லை.

பலாசோங்கிறது இத்தாலி நாட்டுச் சொல். அரண்மனைன்னு அர்த்தமாம். 1960-ல அந்த நாட்டுல இரீன் கலிட்சின்னு ஒரு அம்மா, வசதியான வீட்டுப் பெண்கள் விருந்துக்குப் போட்டுட்டுப் போற மாதிரி அகலக் கால் வச்ச உடுப்பைத் தைச்சு, அதுக்கு இந்தப் பேரு வந்துச்சு. நம்ம வடநாட்டுல பெண்கள் சல்வாரும் சராராவும் ரொம்ப காலமாப் போடுறாங்க. அங்க சில பக்கம் எண்பது வயசுப் பாட்டியும் சல்வார்தான் போடுவாங்க, யாரும் வயசைக் கேக்கறது இல்லை. நம்ம தமிழ்நாட்டுலயும் 2019-ல தலைமைச் செயலகத்துல வேலை பார்க்கிற பெண்கள் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோட சுடிதார் போட்டுட்டு வரலாம்னு அரசாங்கமே ஆணை போட்டுச்சு. கோட்டைக்கே போட்டுட்டுப் போகலாம்னா, கூடலூர் பேங்குக்குப் போட்டுட்டுப் போகக் கூடாதா?

சரி, இவ்வளவு பேசுறேனே, நான் முதல்ல பட்ட அவமானத்தையும் சொல்லணும். கம்பத்துல ஒரு கடையில எனக்கு ரெடிமேடா ஒரு பலாசோ வாங்கினேன். எனக்கு இடுப்பு பெருசு, உயரம் கம்மி. இடுப்புக்குத் தகுந்த மாதிரி எடுத்தா நீளம் 41 இஞ்ச். என் காலுக்கு வேண்டியது 36. பரவாயில்லைன்னு அப்படியே மாட்டிக்கிட்டு, சித்ரா பவுர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கிளம்பிட்டேன். உங்களுக்கே தெரியும், பளியன்குடி வழியா ஏறினா ஆறு கிலோமீட்டருக்கு மேல காட்டுக்குள்ள ஏத்தம். வருசத்துல அந்த ஒரு நாள்தான் விடுவாங்க. பாதி வழியில என் செருப்பு என் பேண்டையே மிதிச்சு, பாறையில முட்டி போட்டு விழுந்தேன். பின்னாடி வந்த கூட்டத்துல ஒரு அம்மா, "சேலை கட்டியிருந்தா இப்படி ஆகுமா?"ன்னு சத்தமாச் சொன்னாங்க. முட்டியில ரத்தம் வந்ததைவிட அதுதான் வலிச்சுச்சு. வீட்டுக்கு வந்து பேண்டைச் சுருட்டிப் பெட்டிக்கு அடியில போட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு மனசு கேக்காம எடுத்து, பிளேடால தையலைப் பிரிச்சுத் தரையில விரிச்சுப் பார்த்தேன். அப்பத்தான் புரிஞ்சுச்சு. சேலையும் மாட்டி விழ வைக்கும், பேண்டும் மிதிபட்டு விழ வைக்கும். யாரோட உடம்புக்கோ வெட்டின அளவை நாம போட்டதுதான் தப்பு. சேலைக்கு அளவு கிடையாது, கட்டுறவங்க கைதான் அளவு. பேண்டுக்கு டேப் பிடிக்கணும். "எனக்கு இது நல்லா இருக்காது"ன்னு சொல்ற பலபேர், தன் அளவுக்குத் தைச்ச ஒண்ணைப் போட்டே பார்த்திருக்க மாட்டாங்க. இன்னைக்கு நான் சொல்ல வந்த விசயமே இதுதான். உடம்பைத் துணிக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டாம். துணியை உடம்புக்கு வெட்டுங்க.

இப்ப அளவு சொல்றேன். தையல் தெரிஞ்சவங்க குறிச்சுக்கங்க. தெரியாதவங்க உங்க டெய்லர்கிட்ட இப்படியே கேளுங்க.

முதல் அளவு இடுப்பு. தொப்புளை ஒட்டின இடத்துல, மூச்சை இழுத்துப் பிடிக்காம எடுக்கணும். வயித்தை உள்ள இழுத்து அளவு கொடுத்துட்டு, அப்புறம் சாப்பிட்டு உட்கார்ந்தா இறுக்கத்தான் செய்யும். ரெண்டாவது சீட், அதாவது பின்பக்கம் ரொம்ப அகலமான இடம். இதை நின்னும் எடுங்க, உட்கார்ந்தும் எடுங்க. எனக்கு நின்னா 42, உட்கார்ந்தா 44. உட்கார்ந்த அளவோட நாலு இஞ்ச் கூட்டி வெட்டணும். மூணாவது அளவு, கடையில தைக்கிற பலபேர் கேக்காதது. ஒரு பலகை நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்புல இருந்து பலகை வரைக்கும் பக்கவாட்டுல எவ்வளவு உயரம்னு பாருங்க. அதோட ஒண்ணரை இஞ்ச் சேர்த்துக்கங்க. இது குறைஞ்சா தொடை சேர்ற இடத்துல பிடிக்கும், தையல் விட்டுப்போகும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட ஒண்ணரை இஞ்ச் ஏத்தி வெட்டணும். அப்பத்தான் குனிஞ்சு கூட்டும்போது பின்னாடி இறங்காது. நாலாவது நீளம். தினம் போடுற செருப்பைப் போட்டுக்கிட்டு நின்னு எடுங்க. துணி தரைக்கு ரெண்டு இஞ்ச் மேல நிக்கணும். மலை ஏற, படி ஏறப் போறீங்கன்னா மூணு இஞ்ச்.

இடுப்புக்கு நாடா வேண்டவே வேண்டாம். மெல்லிசு நாடா போட்டா பாவாடைத் தழும்பு பேண்டுலயும் வரும். முன்பக்கம் ரெண்டு இஞ்ச் அகலத்துல சுருக்கம் இல்லாத பட்டை, பின்பக்கம் மட்டும் அதே அகலத்துல எலாஸ்டிக். பின்பக்கத் துணியை மட்டும் தாராளமா விடுங்க. இழுத்தா சீட்டைத் தாண்டி இறங்கணும், விட்டா இடுப்புல நிக்கணும். பிள்ளைக்கு ஆபரேசன் பண்ணின தழும்போ, குடும்பக்கட்டுப்பாட்டுத் தழும்போ இருந்தா, பட்டை அந்தத் தழும்பு மேல உட்காராம ஏத்தி வைக்கச் சொல்லுங்க.

மறக்காம பை வைங்க. வலது பக்கத் தையல்ல, பட்டைக்கு மூணு இஞ்ச் கீழ, ஆறு இஞ்ச் வாய் வச்ச பை. சுருக்குப்பையை இடுப்புல செருகிக்கிட்டு, செல்போனை ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு அலைஞ்சது போதும். எங்க அத்தைக்கு பேண்ட்லயே ரொம்பப் பிடிச்சது அந்தப் பைதான்.

அடுத்தது, எந்த உடம்புக்கு எப்படிங்கிறது. புஸ்தகத்துல ஆப்பிள் உடம்பு, பேரிக்காய் உடம்புன்னு போடுவாங்க. நமக்கு எந்தப் பழத்தோட பேரும் வேண்டாம்.

உயரம் கம்மியா இருக்கிறவங்க காலடிச் சுத்து ரொம்ப அகலமா வைக்கக் கூடாது. ஒரு காலுக்கு 22 இஞ்ச் போதும். அடியில பட்டையா பார்டர் வேண்டாம், அது ஆளை வெட்டிக் காட்டும். டாப்பும் பேண்டும் ஒரே கலர்லயோ, கிட்டத்தட்ட ஒரே கலர்லயோ இருந்தா உயரமாத் தெரிவீங்க. டாப்பு நடுத்தொடை வரைக்கும் வந்தாப் போதும்.

உயரமா, ஒல்லியா இருக்கிறவங்க தாராளமா 30 இஞ்ச் வரைக்கும் வைக்கலாம். முன்பக்கம் ரெண்டு ரெண்டு மடிப்பு வச்சு, கொஞ்சம் விறைப்பான காட்டன்ல தைச்சா உடம்பு நிறைவாத் தெரியும். பெரிய பூ, பார்டர் எல்லாம் உங்களுக்குத்தான்.

இடுப்பும் தொடையும் பெருத்தவங்கதான் "எனக்கு வேண்டாம்"னு முதல்ல ஓடுவாங்க. உண்மையில பலாசோ ரொம்பப் பொருந்துறது இவங்களுக்குத்தான். லெக்கின்ஸ் தொடையைப் பிடிச்சுக் காட்டும், இது சீட்டுல இருந்து நேரா விழுந்துடும். ரேயான், கிரேப் மாதிரி தொங்கி விழுற துணியா எடுங்க. கரும்பச்சை, நீலம், காப்பிக்கொட்டை மாதிரி அடர்ந்த கலர் எடுங்க. டாப்பு சரியா சீட் அகலத்துல முடியக் கூடாது, முட்டி வரைக்கும் விடுங்க. ரெண்டு பக்க வெட்டும் அகலமான இடத்துக்கு மேலேயே ஆரம்பிக்கணும். இல்லைன்னா அந்த இடத்துல டாப்பு இழுத்துப் பிடிக்கும்.

வயிறு இருக்கிறவங்களுக்கு முன்பக்கம் சுருக்கமோ மடிப்போ வேண்டவே வேண்டாம். பட்டையை வயித்துக்குக் கீழ இறக்கிக் கட்டாதீங்க, அது வயித்தை முன்னாடி தள்ளும். தொப்புளை ஒட்டியே இருக்கட்டும். டாப்பு மார்புக்குக் கீழ இருந்து கொஞ்சம் கொஞ்சமா அகலமாகிற மாதிரி தைச்சா வயித்துல ஒட்டாது.

மேல் உடம்பு பெருத்து, கால் மெல்லிசா இருக்கிறவங்களுக்கு தோள் அளவு சரியா உட்காரணும், கழுத்து 'வி' மாதிரி இறங்கினா நல்லா இருக்கும். காலடிச் சுத்து 26 வச்சா மேலும் கீழும் சமமாத் தெரியும்.

கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டவங்க, ஒரு கால் வீங்கினவங்க, முட்டிக்கு உறை போடுறவங்க நம்மள்ல நிறைய இருக்காங்க. சேலை கொஞ்சம் ஒதுங்கினாலே காலை இழுத்து மூடிக்கிட்டு உட்காருவாங்க. அவங்களுக்கும் இது நல்லது. கட்டுக்கு மேலயே போட்டுக்கலாம், எங்கேயும் இறுக்காது. மாதவிலக்கு நிக்கிற வயசுல திடீர்னு உடம்பு காந்தி வேர்க்கிறவங்க காட்டன் தவிர வேற எடுக்காதீங்க.

துணிக்கு 44 இஞ்ச் அகலத்துல ரெண்டரை மீட்டர் வாங்கினாப் போதும். பெரிய உடம்புக்கு மூணு மீட்டர். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில போட்டுக் காய வையுங்க. ரேயானும் காட்டனும் முதல் தண்ணியில சுருங்கும். தைச்ச பிறகு சுருங்கினா முழங்காலுக்கு ஏறிப்போகும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, கால் தெரிஞ்சா உள்ள லைனிங் கொடுங்க.

காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்னா பெட்டியில இருக்கிற பழைய சேலை போதும். நம்ம மாவட்டத்துலயே ஆண்டிபட்டி சக்கம்பட்டியிலயும் டி.சுப்புலாபுரத்துலயும் நெய்யுற காட்டன் சேலைங்க எத்தனையோ நம்ம வீட்டுல சும்மா மடிஞ்சு கிடக்கு. சேலையோட அகலமே நம்ம கால் நீளத்துக்குச் சரியா வரும். பார்டரைக் கீழ வச்சு வெட்டினா அடியில மடிச்சுத் தைக்கிற வேலையும் மிச்சம். பேண்டுக்கு ரெண்டு மீட்டர் போக மிச்சத்துல டாப்பும் துப்பட்டாவும் வந்துடும். உட்கார்ந்து நைஞ்ச இடம் இருக்கான்னு மட்டும் வெளிச்சத்துல பார்த்துட்டு வெட்டுங்க.

போன கூட்டத்துல ஒரு அம்மா என் காதுல வந்து, "அவசரத்துக்குப் போறப்ப எப்படித்தா?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. நாம மட்டும்தான் இருக்கோம், சொல்லிடுறேன். முதல்ல ரெண்டு காலடியையும் முட்டிக்கு மேல சுருட்டி ஏத்திக்கங்க. அப்புறம் இடுப்பை இறக்குங்க. அடித்துணி ஈரத் தரையில படாது. நாடா இல்லாம எலாஸ்டிக் வைக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். முடிச்சு அவிழ்க்கிற நேரம் நம்ம வயசுல கிடையாது.

எங்க போடக் கூடாதுன்னும் சொல்லணும். மில்லுல, பெல்ட் ஓடுற மிஷின் பக்கத்துல, கதிர் அடிக்கிற மிஷின்கிட்ட அகலக் கால் பேண்டும் ஆகாது, துப்பட்டாவும் ஆகாது. வண்டியில பின்னாடி உட்கார்ந்தா அகலக் காலைச் சேர்த்து முட்டிக்கு அடியில அழுத்திக்கங்க, துப்பட்டாவை முடிஞ்சுக்கங்க. சக்கரத்துக்குச் சேலைன்னும் தெரியாது, பலாசோன்னும் தெரியாது. விறகு அடுப்புக்கிட்ட பாலியஸ்டர் வேண்டாம். ஏலத் தோட்டத்துக்குள்ள அட்டை ஏறும். அகலக் கால் வச்சா அதுக்கு வாசல் திறந்து விட்ட மாதிரி. தோட்டத்துக்குப் போறவங்களுக்கு நான் காலடிச் சுத்தைக் குறைச்சு, கணுக்கால்ல எலாஸ்டிக் வச்சுத் தைக்கிறேன். அதைச் சாக்ஸுக்குள்ள செருகிக்கலாம்.

இப்ப எங்க அத்தை கதைக்கு வர்றேன். தைச்சுக் கொடுத்த பேண்டை மூணு வாரம் தொடவே இல்லை. அப்புறம் ராத்திரி நைட்டிக்குப் பதிலா வீட்டுக்குள்ள போட்டாங்க. "இடுப்புல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குத்தா"ன்னாங்க. ஒரு நாள் விடியக்காலம் எந்திரிச்சுப் பார்த்தா, கணுக்கால்ல எலாஸ்டிக் வச்ச பேண்டு, மேல மாமா சட்டை, தலையில துண்டு, கையில தூக்குவாளி. என்கிட்டக்கூட சொல்லாம ஜீப்புக்குக் கிளம்பிட்டாங்க. ஜீப்புல ஒரு அம்மா, "என்ன மதினி, போலீஸ்ல சேர்ந்துட்டீகளா?"ன்னு கேட்டிருக்காங்க. "ஆமா, முதல்ல உன்னையத்தான் பிடிக்கப்போறேன்"னு அத்தை சொல்லியிருக்காங்க. ஜீப்பே சிரிச்சிருக்கு. பத்து நாள்ல அந்த மதினியே என் வீட்டுக்கு அளவு கொடுக்க வந்துட்டாங்க. இன்னைக்கு அந்த ஜீப்புல ஏழு பேர் நான் தைச்ச பேண்டு போட்டுட்டுப் போறாங்க.

அத்தையோட இடுப்புப் புண் ஆறிடுச்சு. கறுப்பு மட்டும் போகலை, அது போகாதுன்னுதான் நினைக்கிறேன். கல்யாணம், கோயில், திருவிழான்னா அவங்க சேலைதான் கட்டுவாங்க. நானும் கட்டுறேன், இன்னைக்கும் கட்டித்தான் வந்திருக்கேன். சேலையை விடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. அதுக்கும் உள்பாவாடையில நாடாவை எடுத்துட்டு அகலப் பட்டை வச்சுத் தைச்சுட்டோம்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். எங்க பக்கத்துக் குழுவுல ஒரு அக்கா ஆசைப்பட்டு என்கிட்ட ஒரு பலாசோ தைக்கக் கொடுத்தாங்க. வீட்டுக்காரரு இறந்து நாலு வருசம் ஆச்சு. முட்டி வலியோட பஸ் ஏறி வேலைக்குப் போறவங்க. 2021-ல இருந்து டவுன் பஸ்ல நமக்குக் காசு இல்லை, ஆனா படியோட உயரம் குறையலையே. தைச்சு முடிச்சு, கூலியும் கொடுத்துட்டாங்க. ஆனா வந்து எடுத்துட்டுப் போகலை. ஏன்னு கேட்டேன். குழுக் கூட்டத்துல யாரோ, "புருசன் இல்லாதவளுக்கு இந்த வயசுல என்ன ஸ்டைலு"ன்னு சொன்னாங்களாம். சொன்னது ஆம்பளைங்க இல்லை. நம்மள்ல ஒருத்தர்தான்.

பேங்குல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டோம். மேடையில மைக்கைப் பிடிக்கக் கத்துக்கிட்டோம். அதுக்கெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் கைதட்டித்தான் இவ்வளவு தூரம் வந்தோம். உடுப்பு விசயத்துல மட்டும் நாமே நமக்குக் காவல் உட்கார்ந்துக்கிட்டு இருக்கோம். தலைவி அக்காகிட்ட ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எந்தக் குழுக் கூட்டத்துலயும் ஒரு உறுப்பினரோட உடுப்பைப் பத்தியும் வயசைப் பத்தியும் யாரும் கேலி பேசக் கூடாதுன்னு ஒரு வரியைத் தீர்மான நோட்டுல எழுதி வைக்கணும்.

என் பங்குக்கு, மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் டேப்போட நான் வீட்டுல இருப்பேன். பழைய சேலையைக் கொண்டுவாங்க. முதல் பேண்டை வெட்டிக் கொடுக்க எனக்குக் கூலி வேண்டாம். தைக்கத் தெரிஞ்ச தங்கச்சிகள் கூட உட்கார்ந்து கத்துக்கங்க, நாளைக்கு உங்களுக்கும் ஒரு வருமானம் ஆகும்.

அந்த அக்காவோட பேண்டு கரும்பச்சைக் கலர். பை வச்சது. ஆறு மாசமா என் வீட்டு அலமாரியில மடிச்சபடி இருக்கு. அவங்க வந்து எடுத்துட்டுப் போற மாதிரி நாம நடந்துக்கணும்னு கேட்டுக்கிறேன்.